கல்குவாரிகளின் பக்கச் சரிவுக் கோணத்தை அளந்து உறுதிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
கல்குவாரியை ஒட்டிய கிராம மக்கள்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
புவியியல் மற்றும் சுரங்கத்துறை,
கிண்டி, சென்னை.

பொருள்: சாதாரணக் கல் குவாரிகளில் படிகளையும் (பாறைச் சுவரில் படிக்கட்டுபோல் வெட்டும் தட்டுகள்) சரிவுக் கோணத்தையும் களத்தில் அளந்த பிறகே நடைச்சீட்டு (கல்லை வண்டியில் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு) வழங்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் இரவு நேரத்தில் பாறை சரிந்து 4 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையிலும் பாறைச் சரிவில் சிக்கித் தொழிலாளர்கள் மாண்டனர். எங்கள் ஊர்க் குவாரியிலும் அப்படியொன்று நேர்ந்துவிடக் கூடாது என்ற கவலையோடு இம்மனுவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

கெட்டியான பாறையில் பக்கங்கள் சரிந்து விழாதபடி படி வெட்டவோ, சாய்வாக்கவோ, வேறு வகையில் காப்புச் செய்யவோ வேண்டும் என்றும், படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றும், விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் தளர்ந்த கற்கள் கிடக்கக் கூடாது என்றும் 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளின் 106-ஆம் விதி கூறுகிறது. சுரங்கத் திட்டங்களில் 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று படிகளை வரைந்து காட்டுவது வழக்கம். அந்த வரைபடத்தையே கணக்கிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம். 100 மீட்டருக்கு 100 மீட்டர் என்ற சதுரமான 1 ஹெக்டேர் பட்டா நிலத்தில் சுற்றிலும் 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி போக, குழியின் வாய் அகலம் 85 மீட்டர். முதல் படியின் அடித்தளமும் அதே 85 மீட்டர்தான். அதன் பிறகு ஒவ்வொரு படி இறங்கும்போதும் இருபுறமும் சேர்த்து 10 மீட்டர் குறைவதால், 8-ஆவது படியின் அடித்தளம் 15 மீட்டராகச் சுருங்கிவிடும். 9-ஆவதில் 5 மீட்டர்தான் மிஞ்சும், அங்கே டிப்பர் திரும்பக்கூட இடமிராது. ஆகவே, முகங்களைச் செங்குத்தாக வெட்டி, வண்டிப்பாதைக்கு இடமே ஒதுக்காவிட்டாலும், இத்தகைய குவாரி 40 மீட்டருக்குக் கீழே போக முடியாது. அதைவிட ஆழமாகப் போயிருந்தால், படிகளைத் தின்றுதான் போயிருக்க வேண்டும். இதைக் கண்டறிய ஆழமும் குத்தகைப் பரப்பும் தெரிந்தாலே போதும்.

இந்த 8 படிகளும் சரியாக இருந்தால், கீழ்ப்படியின் அடியிலிருந்து மேல்விளிம்பு வரையிலான மொத்தச் சரிவு (40 மீட்டர் உயரம், இடையில் 7 படி அகலங்கள் சேர்ந்து 35 மீட்டர்) சுமார் 49 டிகிரி. படியின் அகலத்தை 2 மீட்டராகச் சுரண்டிவிட்டால் அதே ஆழத்தில் அது 71 டிகிரியாகிறது. மேலிருந்து உருளும் கல்லைத் தடுத்து நிறுத்தவும் அகலம் போதாது.

49 டிகிரி என்பதாலேயே சரிவு பாதுகாப்பானது என்றும் நாங்கள் கருதவில்லை. சார்னகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள் பெரும்பாலும் தங்கள் வலிமை குறைந்து சரிவதில்லை. ஏற்கெனவே உள்ள பிளவுகளின் வழியேதான் நழுவுகின்றன. பிளவுத் தளம் குழியை நோக்கிச் சாய்ந்து, அதன் சாய்வு பாறையின் உராய்வுக் கோணத்தைவிட (உராய்வு மட்டுமே பாறையை நழுவாமல் பிடித்து நிறுத்தக்கூடிய அதிகபட்சச் சாய்வு) அதிகமாகவும் வெட்டுமுகத்தின் கோணத்தைவிடக் குறைவாகவும் இருந்தால், அதன் மேலுள்ள பாறை வழுக்கத் தயாராக இருக்கிறது. உராய்வுக் கோணம் 35 டிகிரி, பிளவின் சாய்வு 45 டிகிரி என்று கொண்டால், பிளவில் பிடிப்பு ஏதுமில்லாத நிலையில் பாதுகாப்புக் காரணி, அதாவது நழுவலைத் தடுக்கும் விசைக்கும் நழுவச் செய்யும் விசைக்கும் உள்ள விகிதம், 0.7 மட்டுமே. அது 1-க்குக் கீழே போனால் பாறை நிலைத்து நிற்காது. மழைநீர் பிளவுக்குள் தேங்கி அழுத்தும்போது நிலைமை இன்னும் மோசமாகும். வெடி அதிர்வும் பிளவுகளை விரிக்கும்.

எங்கள் ஊர்க் குவாரியின் கிழக்கு முகத்தில் விளிம்புக்கு இணையாக ஒரு விரிசல் ஓடுகிறது. மழை ஓய்ந்து பல நாட்கள் கழிந்தும் அதன் கீழ்ப்பகுதியில் நீர் கசிந்து பாறை கறுத்திருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் இடுப்பில் கயிறு கட்டிய இளைஞர்கள் கம்ப்ரசர் வைத்துக் குழி துளைக்கிறார்கள். அவர்களில் பலர் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

ஆகவே, ஒவ்வொரு குவாரியின் குறுக்குவெட்டையும் ட்ரோன் அல்லது டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி கொண்டு அளந்து, சுரங்கத் திட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டு, அதன் பிறகே நடைச்சீட்டு வழங்க உத்தரவிடுமாறும், பிளவுகளின் சாய்வையும் திசையையும் புவியியலாளர் நேரில் அளந்த பதிவைத் திட்டத்தில் சேர்க்கச் செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். படிகள் அழிந்த குவாரிகளில், மேலிருந்து கீழாகப் படிகளை மீட்டெடுக்கும் வரை அடிமட்டத்தில் வேலையை நிறுத்திவைக்க வேண்டும். அக்காலத்தில் தொழிலாளர்களின் கூலி தடைப்படாமல் குத்தகைதாரரைப் பொறுப்பாக்க வேண்டும். எங்கள் ஊர்க் கிழக்கு முகத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நேரில் ஆய்வு செய்ய ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிராம மக்கள்