தடுப்பூசிக்குத் திறக்கும் மண்டபம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இடைநிலைப்பள்ளியில் கருத்தடை என்று பேச்செடுத்தாலே நிர்வாகத்தினர் பலரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "அதைப் பற்றிப் பேசினால், தப்பு செய்ய நாமே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும்." பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேள்வி கேட்குமே, கல்வி இலாகா விளக்கம் கேட்குமே என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பயம் பொய்யில்லை.

பள்ளியில் மாத்திரையோ ஆணுறையோ பங்கிட வேண்டும் என்று நான் எழுதவில்லை. 16 வயது நிரம்பாத பெண்ணோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், மலேசியக் குற்றவியல் சட்டம் 375-வது பிரிவின்படி பாலியல் வல்லுறவு. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருந்தால் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5,000 ரிங்கிட் வரை அபராதம். 15 வயது மாணவியின் கையில் ரகசியமாக ஒரு மாத்திரையைத் திணித்து அனுப்பும் ஆசிரியர், அவளைக் கெடுத்தவனைத்தான் காப்பாற்றுகிறார்.

ஆனால் மாத்திரை கொடுக்காமல் இருப்பது வேறு, விஷயத்தையே சொல்லாமல் இருப்பது வேறு. இனப்பெருக்க சுகாதாரம் 1989 முதலே இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் நலக்கல்விக்குத் தாள் இல்லை என்பதால் அந்தப் பாடவேளை கணிதத்துக்கோ திடலுக்கோ போய்விடுகிறது. நடத்தும் ஆசிரியரும் கூச்சப்பட்டு அந்தப் பக்கங்களை மட்டும் தாண்டிவிடுகிறார். தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ்ப்பள்ளியிலிருந்து, படிவம் 1-க்கு முன் ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்பு வழியாகப் போகிறவர்கள் மற்ற மாணவர்களைவிட ஒரு வயது மூத்தவர்கள். இடைநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டான படிவம் 3-க்கான பாடம் அவர்களிடம் வந்து சேரும்போது 16 வயது ஆகிவிடுகிறது.

பள்ளி சொல்லாததைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னாலும் கைப்பேசியிலும் கற்றுக்கொள்கிறார்கள். கர்ப்பம் தரிக்காமலிருக்க அன்னாசி சாப்பிட்டால் போதும், சோடாவில் பெனடால் கலந்து குடித்தால் போதும் என்கிற பேச்சுகள் இவை. அம்மாவின் அலமாரியில் இருக்கும் 21 கருத்தடை மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து விழுங்கினால் சரியாகிவிடும் என்றும் நம்புகிறார்கள். அந்த மாத்திரை தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டியது. மாதவிலக்கு தொடங்கி 5 நாள் கழிந்தபின் ஆரம்பித்தால், முதல் 7 நாளுக்கு அதை நம்பவே முடியாது. பையன்களுக்குத் தெரிந்ததும் இதே லட்சணம்தான். பர்ஸில் மாதக்கணக்கில் கிடந்து சூடேறிய ஆணுறை கிழிந்துபோகும். தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிவிடும், ரப்பர் மரத்தடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கே இது தெரியவில்லை.

அவசர கருத்தடை மாத்திரையின் கணக்கைப் பாருங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் மருந்து. தரித்த கருவைக் கலைக்காது. விழுங்கி 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடியும் போட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்தது என்றால், திங்கள் இரவு 9 மணியோடு கெடு முடிகிறது. ஆலோசக ஆசிரியரின் அறை திறப்பதே திங்கள் காலையில்தான். எங்கே போவது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் சனிக்கிழமையே போயிருப்பாள். தெரியாத பிள்ளைக்கு மூன்று மாதம் கழித்து வயிறு தெரிகிறது, படிப்பு நிற்கிறது. பையன் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2010 முதல் படிவம் 1 மாணவிகளுக்கு கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசி பள்ளியிலேயே போடத் தொடங்கினார்கள். சம்மதப் பாரம் வீட்டுக்குப் போகிறது, பெற்றோர் கையெழுத்துப் போடுகிறார்கள், தாதியர் வருகிறார்கள், முதல்வர் மண்டபத்தைத் திறந்து நாற்காலி போட்டுத் தருகிறார். அந்தக் கிருமியும் உடலுறவு வழியாகப் பரவுவதுதானே? ஊசிக்குத் திறக்கும் மண்டபத்தை ஒரு பாடத்துக்கும் திறக்கலாம். அதே பாரம், அதே தாதி, ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து 40 நிமிடம். முதலில் பெற்றோரை ஒரு மாலை அழைத்து, பிள்ளைகளுக்குக் காட்டப்போகும் படங்களை அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும். எதிர்ப்பு பெரும்பாலும் பார்க்காததால் வருவது.

ஆலோசக ஆசிரியர் ஒருமுறை அரசாங்கக் கிளினிக்குக்கு நேரில் போய், இளையோர் விவகாரங்களைப் பார்க்கும் தாதி யார் என்று தெரிந்து வரட்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதம் தேவைப்படும். அப்பாவிடம் சொல்லப் பயப்படும் பிள்ளையோடு யார் உட்கார்ந்து பேசுவது என்பதையும் பள்ளி முன்பே முடிவு செய்து வைக்க வேண்டும்.

மண்டபம் திறக்கும்வரை ஒரு தாள் போதும். மாணவியர் கழிவறைக் கதவின் உள்பக்கம், கண்ணுக்கு நேராக ஒட்டுங்கள். முதல் வரி: அரசாங்க உதவித் தொலைபேசி தாலியான் காசே, 15999. இரண்டாவது வரி: அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவு, 24 மணி நேரமும், சனி ஞாயிறும் உண்டு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சமுதாயத் தாதி,
சுங்கை சிப்புட், பேராக்.