அப்பாவோட பதினோரு நோட்டு

சேலம், அம்மாபேட்டை
ஞாயித்துக்கிழமை மத்தியானம்

கண்ணு,

அம்மா எழுதறேன். போன்ல பேசினா "சரிம்மா, சரிம்மா"ன்னு வெச்சிருவ. அதான் காகிதத்துல எழுதி, எதிர்வீட்டுப் பையன்கிட்ட இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லலாம்னு இருக்கேன்.

போன வாரம் நீ அப்பாகிட்ட, "ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் கழிச்சும் எதுக்கு ராத்திரியில போய் வால்வுகிட்ட நிக்கறீங்க, யாரு சம்பளம் தர்றாங்க?"ன்னு கேட்டியாமே. அவரு பதில் சொல்லலை. போனை மேசைமேல வெச்சுட்டு, முறத்துல கிடந்த நிலக்கடலையை உரிக்க உக்காந்தாரு. வேகவைக்கறதுக்குன்னு வாங்கி வெச்சிருந்த பச்சைக்கடலை. ரெண்டு படியையும் உரிச்சுத் தள்ளிட்டாரு.

உன்மேல கோவமில்லை சாமி. நீ ஒரு தடவை கேட்டதைக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேட்டவ நான். 1983-ல குடிதண்ணிக் குழாய் வேலைக்குச் சேர்ந்தாரு, 2017-ல வெளிய வந்தாரு. ஆத்தூர், எடப்பாடி, அப்புறம் இன்னும் நாலஞ்சு ஊரு. எந்த ஊருக்கு மாத்தினாலும் வாடகைக்கு வீடு பார்க்கறதுக்கு முன்னாடி மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துட்டு வருவாரு. உன்னை எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுன்னு யோசிச்சது எப்பவும் நான்தான்.

ஒரு ராத்திரியை மட்டும் சொல்றேன். உனக்கு ஒன்றரை வயசு. மெயின் பைப்புல ஜாயின்ட் விட்டுப்போச்சு, ரெண்டு நாளா ஊருக்கே தண்ணி இல்லை. சாப்பாடு கொண்டுபோக ஆள் கிடைக்கலை, உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டு நானே தூக்குப்போசியை எடுத்துட்டுப் போனேன். ஆள் உயரத்துக்குக் குழி, மேல பெட்ரோமாக்ஸ். அப்பெல்லாம் வார்ப்பிரும்புக் குழாய்தான். ரெண்டு குழாய் சேர்ற இடத்துல சணலைத் திணிச்சு, சுத்தியும் களிமண்ணு அணைச்சு, காய்ச்சின ஈயத்தை ஊத்துவாங்க. ஈயம் சட்டியில தளதளன்னு நிக்குது. இவரு ஊத்த விடமாட்டேங்கறாரு. விரல்ல துணியைச் சுத்தி ஜாயின்ட்டுக்குள்ள விட்டுத் துடைக்கறாரு, வெளிச்சத்துல துணியைப் பார்க்கறாரு, மறுபடி துடைக்கறாரு. சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடிச்சு மூஞ்சியில அடிக்குமாம். கீழ ஊத்த நிக்கற பையனுக்குப் பதினெட்டு வயசுகூட இருக்காது. நாலு தடவை துடைச்சப்புறம்தான் "ம்"னாரு.

விடியக்காலம் நாலரைக்குக் குழாய்ல தண்ணி வந்தது. குடத்தோட வந்த பொம்பளை ஒருத்தி, இவரு அங்க சேறும் சகதியுமா நிக்கறது தெரியாம, "இப்பத்தான் தொறந்து விடறானுங்க, கட்டையில போறவனுங்க"ன்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. இவரு சிரிச்சுக்கிட்டே தூக்குப்போசியைத் தொறந்தாரு. சோறு ஊசிப்போயிருந்தது.

அவரைப் பெருமை பேசறதுக்காக இதைச் சொல்லலை. அவரோட பிடிவாதத்துல நான் பட்டது எனக்குத் தெரியும். ஊர்ல பாதி வீட்டுல குழாயில நேரா மோட்டாரை மாட்டி உறிஞ்சினாங்க. நாம வைக்கலை. மோட்டார் போட்டா கடைசி வீட்டுக்குக் காத்துதான் வரும்னு சொல்லிட்டாரு. நம்ம வீடே அந்தக் கடைசி வீடுதான்! அடிபம்பு அடிச்சு அடிச்சுத்தான் என் வலது தோள்பட்டை இப்படி ஆனது. அது சரின்னு இன்னைக்கும் நான் ஒத்துக்க மாட்டேன்.

நீ ஆறாவது படிக்கையில நடு வருஷத்துல ஊர் மாத்தினோமே, அதுக்கும் காரணம் உனக்குத் தெரியாது. ஒரு மீட்டர் ஆழத்துல குழாய் பதிச்சதா, செஞ்ச வேலையோட அளவைக் குறிக்கற எம்-புக்குல எழுதி, கையெழுத்துக்கு வந்தது. இவரு போய்க் கம்பியை விட்டுப் பார்த்தா ஒண்ணரை அடியிலயே டங்குன்னு தட்டுது. கையெழுத்துப் போடலை. இருபது நாள்ல மாத்தல் வந்துருச்சு. எந்த ஊரு, யாருங்கறதெல்லாம் இப்ப எதுக்கு. நீ அழுதது மட்டும் எனக்கு மறக்கலை.

இன்னும் அதே ஆளுதான். காலையில பேப்பர் வந்ததும் மேட்டூர் அணையில எத்தனை அடின்னுதான் முதல்ல பார்க்கறாரு. 1934-ல கட்டி முடிச்ச அணை, முழு நீர்மட்டம் 120 அடி. உனக்கு வாய்ப்பாடு வர்றதுக்கு முன்னாடி இதைச் சொல்லிக்கொடுத்தவரு. அதுக்கு முந்தி சேலம் குடிச்சது பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணி. ஏற்காட்டு மலையில பெய்யற மழை திருமணிமுத்தாத்துல நம்ம ஊருக்குள்ளயே ஓடுது, அதைச் சாக்கடை ஆக்கிட்டு மேட்டூர்ல இருந்து பம்ப் பண்ணிக் குடிக்கறோம்னு யாரு வந்தாலும் பிடிச்சுக்குவாரு. உன்னை ஏற்காட்டுக்குப் படகு விடக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுலயும் வண்டியை நிறுத்தி நிறுத்தி, ரோட்டுக்கு அடியில தண்ணி போற கல்வெர்ட்டைப் பார்த்து, நாம ஏரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள டிக்கெட் கவுன்ட்டரை மூடிட்டாங்களே!

உன் சித்தி பொண்ணு கல்யாணத்துல பந்தியில உக்காந்துக்கிட்டு, டம்ளர் தண்ணியில அந்த ஆர்த்தோடாலிடின் மருந்தைச் சொட்டு விட்டாரு. மஞ்சளாச்சுன்னா குளோரின் இருக்குன்னு அர்த்தம். கடைசிக் குழாயில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிக்கணுமாம். மஞ்சளாகலை. சம்பந்தி வீட்டாரு யாரும் அப்புறம் தண்ணியே குடிக்கலை.

இப்ப ராத்திரி விஷயத்துக்கு வர்றேன். பீரோவுல பதினோரு நோட்டு இருக்கு. வேலை பார்த்த ஊருல எல்லாம் எந்தத் தெருவுல எந்தக் குழாய், வால்வு எங்கன்னு பேனாவுல வரைஞ்சு வெச்சிருக்காரு. ஒரு பக்கத்தைப் புரட்டினேன். "புளியமரத்துக்குக் கிழக்கே 14 அடி, வால்வு." ரோட்டை அகலப்படுத்தையில அந்தப் புளியமரத்தை வெட்டி ரொம்ப வருஷம் ஆச்சு. இப்ப அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரிஞ்சவரு இவரு ஒருத்தருதான்.

அன்னைக்கு நடந்ததும் அதுதான். புதுசா தார் போட்டு வால்வு மூடியை மறைச்சுட்டாங்க. அடியில குழாய் உடைஞ்சு தண்ணி வீணாப் போகுது, அடைக்கணும்னா வால்வு கிடைக்கலை. அங்க இருக்கற ஏ.ஈ., அதான் உதவி இன்ஜினியர், சின்னப் பொண்ணு, உன்னைவிடச் சின்னவ, கூப்பிட்டா. பழைய டி.வி.எஸ்.-ஐ எடுத்துட்டு முக்கால் மணி நேரம் போனாரு. வேற ஊரா மாறிப்போன ரோட்டுல ஒரு கடை வாசப்படியில இருந்து அடி அளந்து நடந்து, "இங்க தோண்டு"ன்னாராம். லைன்மேன் மறுநாள் போன் பண்ணிச் சொன்னாரு. இவரு என்கிட்ட ஒண்ணும் சொல்லலை.

நீ அங்க காருக்கு வழி காட்டற மேப் வேலைதானே பார்க்கற? பொங்கலுக்கு வர்றப்ப நாலு நாள் கூட எடுத்துக்கிட்டு வா. அவரு நடக்கட்டும், நீ கூடவே போய் ஒவ்வொரு வால்வையும் உன் போன்ல குறிச்சுக்க. அந்தப் பொண்ணுக்கு அதைக் கொடுத்துரலாம். நான் எழுதினேன்னு சொல்லிராதே, நீயா கேட்ட மாதிரி கேளு.

வர்றப்ப தலையில மாட்டிக்கற டார்ச் ஒண்ணு வாங்கிட்டு வா. ஒரு கையில டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குழிக்குள்ள குனியறாரு, எனக்கு அதான் பயமா இருக்கு.

அம்மா