கண் நன்றாகத் தெரிகிறது என்கிறாயே, கோமதி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியை இவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். குழந்தைக்கும் உன் மருமகளுக்கும் எங்கள் ஆசிகள். இங்கே நாங்கள் சுகம். இவருக்கு முழங்கால் வலிதான் கொஞ்சம் படுத்துகிறது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய். சர்க்கரை டாக்டர் விழித்திரையைப் பார்த்து வரச் சொன்னார், எனக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறதே, ஊசியில் நூல்கூடக் கோக்கிறேன், எதற்கு வீண் செலவு என்று விட்டுவிட்டேன் என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்துத் தெருக் கண் கிளினிக்கைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். மர்பி டவுன், சிவாஜி நகர்ப் பக்கம் அவர்கள் முகாம் போடும்போது நானும் போய்ப் பேர் எழுதும் மேஜையில் உட்காருகிறேன். நம் ஜனங்கள் கடைத்தெருவில் கன்னடத்தில் வெளுத்துக் கட்டுவார்கள். ஆனால் "கண்ணு மசமசன்னு இருக்கு", "பூச்சி பறக்கிற மாதிரி தெரியுது" என்பதையெல்லாம் தமிழில்தான் சொல்ல வருகிறது. டாக்டரம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. நான் எடுத்துச் சொல்வேன்.

போன முகாமுக்கு எங்கள் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா வந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். தூரப் பார்வையில் குறையே இல்லை, கிட்டப் பார்ப்பதற்கு மட்டும் கண்ணாடி தேவைப்பட்டது. நாற்பதுக்கு மேல் எல்லாருக்கும் வருவதுதான். அவள் அதுவரை விரல் பழக்கத்திலேயே மல்லிகை கட்டி வந்திருக்கிறாள். கண்ணாடி போட்டதும் கூடையிலிருந்து ஒரு முழத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பழுத்துப்போன மொக்குகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கீழே போட்டாள். "இதையுமா கட்டி வித்தேன் இத்தனை நாளா?" என்று அவள் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு சாதாரணக் கண்ணாடி, கோமதி!

இந்தக் கிளினிக்கிடம் எனக்குப் பிடித்தது, போன இடத்துக்கே அவர்கள் திரும்பவும் போவதுதான். ஒருநாள் பந்தல் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிற முகாமால் யாருக்கு என்ன பயன்? புரை என்று எழுதிக்கொடுத்தவர்கள் ஆபரேஷனுக்கு வராவிட்டால் இவர்கள் வீடு தேடிப் போய் விசாரிக்கிறார்கள். அழைத்து வர ஆள் இல்லை என்றோ, "புரை நல்லா முத்தட்டும்னு இருக்கேன்" என்றோ பதில் வரும். அதெல்லாம் அந்தக் காலம். இப்போது முற்றவிட்டால் புரை கெட்டிப்பட்டு ஆபரேஷன்தான் கஷ்டமாகும் என்று டாக்டரம்மா ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்குகிறாள்.

பள்ளிக்கூடங்களுக்கும் போகிறார்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முன்னால் இருப்பவன் படிப்பதைக் கேட்டே அட்டையில் உள்ள எழுத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நம்மிடம் படித்த வாலுகள் ஞாபகம் வந்தது. ஒரு பையன் வலது கண்ணை மூடச் சொன்னால் மட்டும் விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். அட்டையால் மறைத்ததும் அட்டையைத் தள்ளிவிட்டான். இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு என்று அப்புறம்தான் தெரிந்தது. போர்டைப் பார்த்து எழுத மாட்டான், சோம்பேறி என்று அவன் டீச்சர் நினைத்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாமாம். பேத்தியைப் பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு தரம் காட்டிவிடச் சொல்லு.

இப்போது உன் விஷயம். முகாமுக்கு ஓர் ஆட்டோக்காரர் வந்தார். சர்க்கரை உள்ளவர். அட்டையில் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். உன்னைப் போலவே அவருக்கும் கண் நன்றாகத்தான் தெரிந்தது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் இரண்டு விழித்திரையிலும் ரத்தக் கசிவு. நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சர்க்கரை கெடுத்துக்கொண்டே வரும், வலிக்காது. நாம் படிக்க உதவும் நடுப்பகுதியைத் தொடும்வரை ஒன்றும் தெரியாது. அதற்கு முன்பே பிடித்தால் லேசரோ ஊசியோ கொடுத்துப் பார்வையைக் காப்பாற்றலாம். போன பார்வையை மீட்பது கஷ்டம். அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் ஒரு முறை விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். உன் அண்ணனுக்குக் கண் அழுத்த நோய் இருந்ததே, அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல். கூடப் பிறந்தவர்களுக்கு இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். அதுவும் ஓசைப்படாமல் பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் தின்னும்.

செலவு என்கிறாய். உன் ஊரிலேயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு ஆபரேஷன் செய்த டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது, 1988-லேயே திருநெல்வேலிக்கு வந்துவிட்டது. கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கும் பணத்தில் முடியாதவர்களுக்கும் வைத்தியம் நடக்கிற இடம் அது. மகனோடு போய்வா. மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து தெரியாது. கறுப்புக் கண்ணாடி கொண்டுபோ.

கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறாயே, அந்தச் சொட்டு மருந்தை இன்றோடு நிறுத்து. அந்த மாதிரி மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும்.

இன்னொரு சேதி. நானும் இவரும் கண் தானத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபரில் இறந்தபோது அவர் கண்களால் நான்கு பேருக்குப் பார்வை கிடைத்தது. கருவிழியின் மேலடுக்கை ஒருவருக்கும் உள்ளடுக்கை இன்னொருவருக்குமாகப் பிரித்து வைத்தார்கள். அவர் அப்பா ராஜ்குமாரும் 2006-ல் கண்களைத் தந்துவிட்டுத்தான் போனார். மகன் போன பிறகு இங்கே எழுதிக்கொடுக்க ஜனங்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது, ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும் என்பதால் வீட்டார் உடனே கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் வரும்வரை ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். பிள்ளைகளை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லிவிட்டோம். சின்னவள் அழுதாள், அப்புறம் நம்பரைப் போனில் பதிந்துகொண்டாள். சர்க்கரை இருந்தாலும், கண்ணாடி போட்டிருந்தாலும், புரை ஆபரேஷன் ஆகியிருந்தாலும் கொடுக்கலாம். நீயும் உன் வீட்டுக்காரரும் யோசியுங்கள்.

அதற்கு முன்னால் விழித்திரைப் பரிசோதனை. அடுத்த கடிதத்தில் பேத்தியின் பெயரையும் டாக்டர் எழுதிக்கொடுத்ததையும் சேர்த்து எழுது.

உன் அன்புள்ள,
சாந்தா