நார்த்தங்காய் ஊறுகாயைத் தொடாதே

அன்புள்ள தங்கத்துக்கு,

அம்மா எழுதுவது. ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக மாப்பிள்ளை போன் செய்தார். நீ பேசவில்லை. சரி, ஆடிட் நேரம். நீ கையெழுத்துப் போட்டால்தான் அந்த ஆபீஸில் காகிதம் நகரும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அம்மாவிடம் பேசத்தான் இரண்டு நிமிஷம் இல்லை.

நார்த்தங்காய் ஊறுகாயைத் தொடாதே. நானேதான் கட்டிக் கொடுத்தேன், இருந்தாலும் தொடாதே. உப்பு கூடினால் உடம்பில் நீர் தங்கும். அப்பளம், கருவாடும் வேண்டாம்.

பொங்கலன்று கோலம் போட உட்கார்ந்தாயே, அப்போது மெட்டி உன் விரல் சதைக்குள் புதைந்து கிடந்தது. ராத்திரி மூன்று மணிக்கு நைட்டியை மாற்றிக்கொண்டு, தை மாதக் குளிரில், தார்சாவில் வெறுந்தரையில் படுத்தாய். நான் தூங்கவில்லை. ஈரத் தலையணையை வெயிலில் போட்டதும் நான்தான்.

தீட்டு நிற்கிற வயதுதான், 48. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடம்புச் சூட்டைக் கவனிக்கிற மூளை கொஞ்சம் சூட்டுக்கே பதறி வேர்க்க வைக்குமாம். எங்கள் டாக்டரம்மா சொன்னார். பருத்தி நைட்டி போடு. ராத்திரி காபி வேண்டாம். காலைத் தலையணை மேல் தூக்கி வை. ஆனால் வீக்கத்தையும் இதன் தலையிலேயே கட்டிவிடாதே. சில பி.பி. மாத்திரையாலும் கால் வீங்கும், தைராய்டாலும் வீங்கும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போய்க் காட்டு. ஊறுகாய் வேண்டாம்.

1999 கார்த்திகையில் நான் மயங்கி விழுந்தது சோமவார விரதத்தால் இல்லை. எனக்கும் கால் வீங்கியது. யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, மருந்துக்கடையில் நீர் மாத்திரை கேட்டு வாங்கி நாலு மாதம் நானாகவே போட்டேன். நீரோடு பொட்டாசியமும் போய்விட்டது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, நெஞ்சு படபடத்தது, அப்புறம் அடுக்களையில் விழுந்தேன். நீ சென்னை இன்டர்வியூவை விட்டுவிட்டு ஓடி வந்தாய். உன் முகத்தைப் பார்த்து விரதம் என்றேன். உன் அப்பா சாகும்வரை அவரும் அப்படித்தான் நம்பினார்.

சார்ஜர் தேடித்தான் உன் பையைத் திறந்தேன். கோபப்படு, பரவாயில்லை. அந்த அட்டையில் ஆறு மாத்திரை மீதி இருந்தது. பெயர் எனக்கு மறக்கவில்லை. மாப்பிள்ளையிடம் மூச்சு விடவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அம்மா