பிரிபோசிஷனைத் தனியே சொல்லிக்கொடுத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவரும் ஆங்கில இலக்கணப் பயிற்சிகளை, பெரம்பூரில் மாலை வேளைகளில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளோடு சேர்ந்து தொடர்ந்து பார்த்து வருகிறேன். 'இன்', 'ஆன்', 'அட்', 'பை' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் பிரிபோசிஷன்களுக்கு ஒரு வாரம் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி வருகிறது. 'மை', 'ஹிஸ்', 'அப்பாஸ்ட்ரஃபி எஸ்' என்ற உடைமைச் சொற்களுக்கு இன்னொரு வாரம். இரண்டிலும் பிள்ளைகள் தடையின்றி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் விடுப்புக் கடிதம் எழுதச் சொன்னால் அவர்களே திணறுகிறார்கள். அன்றாடப் பேச்சிலும் எழுத்திலும் இவ்விரண்டும் 'அக்காவின் கல்யாணத்துக்கு', 'அப்பாவின் பைக்கில்', 'தாத்தா பெயரில்' என்று பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வருகின்றன என்பதும், பிழை நேர்வது அந்த ஒட்டில்தான் என்பதும் பாடத்தில் எங்கும் சொல்லப்படுவதில்லை. அந்த ஒட்டைத் தமிழ் இலக்கணத்தைக் கொண்டே விளக்கிவிட முடியும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று நம் பிள்ளைகள் வேற்றுமை உருபுகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆறாம் வேற்றுமை உடைமையைச் சொல்வது, ஏழாவது இடத்தைச் சொல்வது என்பதும் அவர்களுக்குத் தெரியும். 'என் அண்ணனுடைய வீட்டில்' என்ற தொடரில் ஆறும் ஏழும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதுவே ஆங்கிலத்தில் 'இன் மை பிரதர்ஸ் ஹவுஸ்' ஆகிறது. 'என்', 'அண்ணனுடைய', 'வீடு' என்ற வரிசை அங்கேயும் அப்படியே இருக்கிறது. கடைசியில் ஒட்டியிருந்த 'இல்' மட்டும் கழன்று முன்னால் போய் 'இன்' என்று நிற்கிறது. 'ஆங்கிலம் தமிழுக்கு முழுக்கத் தலைகீழ்' என்று வகுப்பில் சொல்லிப் பயமுறுத்துவது இந்த இடத்தில் பொருந்தாது.

தலைகீழாவது மனிதரை விட்டுப் பொருளுக்கு வரும்போதுதான். 'என் அண்ணனின் நண்பனுடைய வீட்டு மொட்டை மாடியில்' என்பதை 'ஆன் தி டெரஸ் ஆஃப் மை பிரதர்ஸ் ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' என்று சொல்லுகிறோம். அண்ணன், நண்பன், வீடு என்ற மூன்றும் தமிழ் வரிசையிலேயே நடக்கின்றன. மொட்டை மாடியோ வீட்டின் ஒரு பகுதி. வீடு உயிரில்லாத பொருள். அத்தகைய உறவைக் காட்ட ஆங்கிலம் பெரும்பாலும் 'ஆஃப்' என்ற சொல்லையே நாடுகிறது, அதனால் மாடி முன்னால் ஓடிவிடுகிறது. இது கண்டிப்பான விதியன்று, பெருவழக்கு மட்டுமே; 'இன் எ வீக்ஸ் டைம்' என்று காலத்துக்கும் எஸ் சேர்ப்பதுண்டு. ஆனாலும் உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் பிடிக்காது.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். 'பிரதர்ஸ்' என்று காதில் விழும்போது அண்ணன் ஒருவரா, இருவரா என்று தெரியாது. எழுத்தில் அப்பாஸ்ட்ரஃபி என்ற மேற்குறி எஸ்ஸுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதை வைத்தே அறிய வேண்டும். நம் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் பார்த்து இதைக் கற்றுக்கொள்ள முடியும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

உடைமைச் சொல்லுக்குப் பின் வர வேண்டிய பெயரை ஆங்கிலத்தார் சில இடங்களில் சொல்லாமலே விடுவார்கள். 'அட் தி டென்டிஸ்ட்ஸ்' என்றால் பல் மருத்துவரின் கிளினிக்கில், 'அட் மை அங்கிள்ஸ்' என்றால் மாமா வீட்டில். பாடமாக நடத்தினால் பிள்ளைகள் விழிக்கும் இந்த வழக்கு, சென்னைக்காரர் நாவில் வெகுகாலமாகப் புழங்கி வருகிறது. மெரினா எதிரில் 1914-இல் தொடங்கப்பட்ட குயின் மேரிஸ் கல்லூரியில் படிக்கும் பெண்ணைப் பற்றி, 'குயின் மேரிஸில் படிக்கிறாள்' என்றுதான் சொல்கிறோம். கல்லூரி என்ற சொல் உதிர்ந்துவிட்டது. உடைமையைக் காட்டும் எஸ் நிற்கிறது. அதன்மேல் நம் ஏழாம் வேற்றுமை உருபு ஏறிக்கொண்டது. ஆங்கிலத்தில் 'அட் குயின் மேரிஸ்' என்று சொல்ல அந்த 'இல்' மட்டும் இடம் மாறினால் போதும்.

தமிழ் வழிகாட்டாத இடங்களும் உண்டு. அவற்றைத்தான் பயிற்சியில் விரிவாகக் காட்ட வேண்டும். 'பஸ்ஸில் வந்தேன்', 'அப்பாவின் பைக்கில் வந்தேன்' என்று நாம் இரண்டுக்கும் ஒரே 'இல்' போடுகிறோம். பிள்ளை முதல் வாக்கியத்துக்கு 'பை பஸ்' என்று சரியாக எழுதிவிட்டு, அதே வேகத்தில் 'பை மை ஃபாதர்ஸ் பைக்' என்று எழுதுகிறது. பெரியவர்களின் அலுவலக மின்னஞ்சலிலும் இதைக் காணலாம். 'பை' என்பது பயணத்தின் வகையைப் பொதுவாகச் சொல்வது. அதன் பின் 'பஸ்', 'கார்', 'டிரெயின்' என்று வெறும் பெயரே வர வேண்டும். இது இன்னாருடைய வண்டி என்று உடைமை வந்தவுடன் அது குறிப்பிட்ட ஒரு வண்டியாகிவிடுவதால் 'பை' விலகிக்கொள்கிறது. ஏறி உட்காரும் பைக்குக்கும் சைக்கிளுக்கும் 'ஆன்', உள்ளே உட்காரும் காருக்கும் ஆட்டோவுக்கும் 'இன்' என்று வரும்: 'ஆன் மை ஃபாதர்ஸ் பைக்', 'இன் மை அங்கிள்ஸ் ஆட்டோ'. ('பை வாக்' என்ற நம் ஊர்ச் சரக்கைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை, அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.) கோடிட்ட இடத்தில் 'பை'யா, 'ஆன்'னா என்று கேட்கும் பயிற்சி, அடுத்து நிற்கும் 'மை' என்ற சொல்தான் விடையைத் தீர்மானிக்கிறது என்பதை ஒருபோதும் சொல்வதில்லை.

இரண்டாவது, நாம் சொல்லாமல் விடும் உடைமை. 'கையைப் பாக்கெட்டில் விட்டான்' என்றால் யாருடைய கை, யாருடைய பாக்கெட் என்று தமிழில் எவரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் இரண்டையும் சொல்லியாக வேண்டும்: 'ஹி புட் ஹிஸ் ஹேண்ட் இன் ஹிஸ் பாக்கெட்'. தமிழில் நினைத்து எழுதும் பிள்ளை இரண்டு 'ஹிஸ்'ஸையும் விட்டுவிடுகிறது. சரி, உடல் உறுப்பு என்றால் எங்கும் உடைமை போட்டுவிடலாமா என்றால் அதுவும் இல்லை. தெருக் கிரிக்கெட்டில் பந்து ஒருவன் தலையில் பட்டால், 'தி பால் ஹிட் ஹிம் ஆன் தி ஹெட்' என்பதே இயல்பான வழக்கு. அடிபட்டவன் 'ஹிம்' என்று ஏற்கெனவே வந்துவிட்டான். ஆகவே தலை யாருடையது என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் கூர்மையாகவும் ஆங்கிலம் மழுங்கலாகவும் இருக்கும் இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 'ரவி குமாரைத் தன் வீட்டில் சந்தித்தான்' என்றால் அது ரவியின் வீடு, ஐயமில்லை. 'ரவி மெட் குமார் இன் ஹிஸ் ஹவுஸ்' என்றால் எவன் வீடு என்று ஆங்கிலேயருக்கே தெரியாது. தெளிவு வேண்டுமானால் 'இன் ஹிஸ் ஓன் ஹவுஸ்' என்றோ, 'அட் குமார்ஸ் ஹவுஸ்' என்று பெயரைச் சொல்லியோ எழுத வேண்டும். நம் மொழியில் இருக்கும் ஒரு வசதி ஆங்கிலத்தில் இல்லை என்று கேட்டவுடன் பிள்ளைகளுக்கு வரும் உற்சாகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

'அப்பாவின் நண்பர் ஒருவரோடு' என்பதை 'வித் மை ஃபாதர்ஸ் ஒன் ஃப்ரெண்ட்' என்று எழுதுவது இன்னொரு பரவலான பிழை. 'எ' என்பதும் 'மை ஃபாதர்ஸ்' என்பதும் பெயருக்கு முன்னுள்ள ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுபவை. ஒன்று உட்கார்ந்தால் மற்றது பின்னால் போக வேண்டும். அதனால்தான் 'வித் எ ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர்ஸ்' என்று 'ஆஃப்'பும் எஸ்ஸும் சேர்ந்தே வருகின்றன. 'சார்பில்' என்பதற்கோ அப்பா என்றால் 'ஆன் பிஹாஃப் ஆஃப் மை ஃபாதர்', 'ஆன் மை ஃபாதர்ஸ் பிஹாஃப்' என்ற இரண்டும் செல்லும். நான் என்றால் 'ஆன் மை பிஹாஃப்' என்பதே வழக்கு.

எனவே, மாணவர் பக்கத்தில் ஒற்றைச் சொல்லை நிரப்பும் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு, 'மின் இணைப்பு தாத்தா பெயரில் இருக்கிறது', 'அக்காவின் ஸ்கூட்டியில் கோயம்பேடு போனேன்' போன்ற தமிழ் வாக்கியங்களைத் தந்து, அவற்றிலுள்ள வேற்றுமைத் தொடரை முழுமையாக ஆங்கிலத்தில் எழுதச் செய்யும் பயிற்சியை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடையோடு, எந்த உருபு எங்கே நகர்ந்தது என்பதற்கு ஒரு வரி விளக்கமும் இருந்தால், ஆங்கில வகுப்புக்கு அனுப்ப வசதியில்லாத பெற்றோரும் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க இயலும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.