செடி நர்சரி ஆச்சிக்கு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பற்றி

அன்புள்ள ஆச்சி,

உங்கள் செடி நர்சரித் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் போடுகிற சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நாங்கள் கிளம்பும்போது கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைகளுக்கு வேற என்ன பண்ணலாம்னு சொல்லிட்டுப் போ" என்றீர்கள். உள்ளே ஒருவன் தூக்கத்துக்கு அழுதுகொண்டிருந்தான், அதனால் அப்போது பதில் சொல்லவில்லை. சறுக்கு மரமும் குட்டி ரயிலும் வாங்கிப் போடச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்களாம். ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ் சேர்த்தால் கூட்டம் வரும் என்றும் சொன்னார்களாம். இரண்டுமே வேண்டாம் ஆச்சி. தோட்டத்தில் சாப்பாடு போட நினைக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியாததில்லை. செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வீடு இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அந்தத் தெருவில் முடிகிற வீடு. நூறு பேருக்கு ஒரே பந்தியில் இலை போடலாம், போடுவதற்குத்தான் ஆள் இல்லை. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு என்றால் சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்வோம். சும்மா இரண்டு நாள் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டலாம் என்று வந்தால் மதியத்துக்கு ஓட்டல்தான். அங்கே பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நடக்க வேண்டும். நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே ஆள் என் மாமியார், அவரும் ஆறிப்போன சோற்றைத்தான் சாப்பிட்டார்.

அதிலும் 'செட்டிநாடு' என்று பேர் போட்ட எதைத் தொட்டாலும் பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுகிறார்கள். நம் சமையலைக் காரத்தோடு ஒட்டவைத்ததில் ஓட்டல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் வீடுகளில் தினமுமா அப்படி அரைத்துக் கொட்டுகிறார்கள்? அன்றைக்கு உங்கள் இலையில் இருந்ததையே பாருங்கள். முருங்கைக்காய் போட்ட இளங்குழம்பில் துவரம்பருப்புதான் முன்னால் நின்றது. வெண்டைக்காய் மண்டியில் அரிசி கழுவிய தண்ணீரும் புளியும் சின்ன வெங்காயமும் இருந்தன. மிளகாய்ப் பொடி கிடையாது, பச்சை மிளகாயைக் கீறித்தான் போட்டிருந்தீர்கள். மிளகாயை எடுத்து ஓரம் வைத்துவிட்டால் அது பிள்ளைக்கும் ஆயிற்று, பெரியவருக்கும் ஆயிற்று. என் மகள் வெண்டைக்காயைத் தொடமாட்டாள். அன்று அவள் மண்டித் தண்ணியைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, வெண்டைக்காயை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியை முடித்தாள். எனக்கு அதுவே போதும்.

அப்புறம் கவுனி அரிசி. "கறுப்புச் சோறா?" என்று முகத்தைச் சுளித்தார்கள். முந்தின ராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரிலேயே குழைய வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கொடுத்தீர்கள். இரண்டாம் முறை கேட்டது யார் என்று உங்களுக்கே தெரியும். நாக்கு ஊதா நிறமாகிவிட்டதா என்று ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டிக்கொண்டார்கள், அது ஒரு தனி ஆனந்தம். எங்கள் வீட்டில் உளுந்தை வறுத்து அரைத்து, கருப்பட்டிப் பாகு விட்டுக் கும்மாயம் கிண்டுவார்கள். அடுத்த மாதம் அதைப் போட்டுப் பாருங்கள். வெள்ளைப் பணியாரமும் நல்லதுதான். ஆனால் எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உங்களுக்கு அது கட்டுப்படியாகாது. நூடுல்ஸ் எங்கே போனாலும் கிடைக்கும். அதற்காக யாரும் சென்னையிலிருந்து கானாடுகாத்தான் பக்கம் வரப்போவதில்லை.

சறுக்கு மரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உங்கள் மண் குவியல். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் நேராகப் போய் நின்றது அங்கேதான். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு என்று உங்கள் ஆட்கள் கலந்து பை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளையும் உட்காரவைத்து ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஒருவனும் போன் கேட்கவில்லை. பெரியவர்கள் இலையை எடுத்த பிறகும் உட்கார்ந்து பேசினோம். என் கொழுந்தன் இந்த வருஷம் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பழைய வீட்டிலிருந்து வந்த கல்தொட்டியில் கப்பி மீன் விட்டிருக்கிறீர்கள். மீன் இருப்பதால் அங்கே கொசு வளராது. ஆனால் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளில் தண்ணீர் நின்றது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவை அத்தனை தட்டுகளையும் கவிழ்த்து, உள்பக்கம் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

மேஜைகளைப் புங்க மரத்தடியிலேயே வைத்திருங்கள். இடம் போதவில்லை என்று நிழல்வலைக்குக் கீழே போட நினைக்கிறீர்களாம். வலை வெயிலைத் தடுக்கும், அவ்வளவுதான். மரத்தின் இலைகள் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால்தான் மரத்தடி குளுகுளு என்று இருக்கிறது. அதோடு பச்சை வலைக்குக் கீழே சோறும் பச்சை, ரசமும் பச்சை, சாப்பிடுகிறவர் முகமும் பச்சை. சித்திரை, வைகாசியில் எந்த மரம் இருந்தாலும் தாங்காது, அப்போது சாப்பாட்டையே நிறுத்திவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்களுக்குக் கன்று வியாபாரமே சரியாக இருக்கும். மார்கழியிலிருந்து பங்குனி வரை போட்டால் போதாதா?

இப்போது குறை. இதை நேரில் சொல்லியிருந்தால் உங்கள் முகம் வாடியிருக்கும்.

மேஜையிலிருந்து கை கழுவும் குழாய்க்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் அரளி, அதையடுத்து அடீனியம். பூத்து நின்றபோது அழகாகத்தான் இருந்தது. ஆனால் அரளியில் இலை, பூ, பட்டை, விதை எல்லாமே விஷம், இதயத் துடிப்பையே குலைக்கும். மஞ்சள் அரளிக் கொட்டை இன்னும் மோசம். அடீனியமும் அதே குடும்பம்தான், பாலில் விஷம் உண்டு. வரிசையின் கடைசியில் பெரிய இலையோடு நின்ற டைஃபன்பாக்கியாவைக் கடித்தால் நாக்கும் வாயும் வீங்கிவிடும். இரண்டு வயசுப் பிள்ளை பூவைப் பறித்தால் அடுத்த நிமிஷம் அது வாயில்தான். நீங்கள் விற்காமல் இருக்க முடியாது, தெரியும். நம் வறண்ட மண்ணுக்கு அரளி மாதிரி தாங்குகிற பூச்செடி குறைவு. அவற்றையெல்லாம் பின்பக்க வேலிக்கு உள்ளே தள்ளிவிட்டு, குழாய் வழியில் துளசி, ஓமவல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை வையுங்கள். தொட்டாலும் முகர்ந்தாலும் ஒன்றும் ஆகாது. ஓமவல்லி இலையைக் கசக்கி முகரக் கொடுத்தால் பிள்ளைகள் நகரமாட்டார்கள்.

பூச்சி மருந்து அடிப்பதைத் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அடித்த செடியை ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளை கட்டிப்பிடிக்கக் கூடாது. குழாயும் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. தொழு உரத்தில் அளைந்த கை, ஒரு முக்காலியும் சோப்பும் அவசியம்.

பை நிரப்பிய பிள்ளைகளுக்குக் கன்று கொடுத்தனுப்புகிறீர்களே, அதில் ஒரு யோசனை. குரோட்டன்ஸ் வேண்டாம். வீட்டில் மண் இருப்பவர்களுக்குப் பெரியகுளத்து பி.கே.எம். 1 ரக முருங்கை விதை இரண்டு கொடுங்கள். ஆறேழு மாதத்தில் காய்த்துவிடும், போட்ட பிள்ளைக்குப் போட்டது ஞாபகம் இருக்கும்போதே காய் வரும். சென்னை மொட்டைமாடிக்காரர்களுக்குத் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று சரி. மெதுவாகத்தான் வளரும், ஆனால் சாகாது. எங்கள் இரண்டு பைகளிலும் இப்போது கறிவேப்பிலைதான் இருக்கிறது. யாருடையது உயரம் என்று தினமும் ஸ்கேல் வைத்து அளந்து சண்டை.

மாசியில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறோம். கல்யாணத்துக்கு மறுநாள் மதியம் சம்பந்தி வீட்டாரோடு 22 பேர், அதில் பிள்ளைகள் 7. பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, அவருக்குக் கவுனி அரிசி வேண்டாம், மண்டி கூடுதலாக இருக்கட்டும். வெண்டைக்காய் கிடைக்காவிட்டால் கத்தரிக்காய் போதும். தேதி முடிவானதும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
பள்ளத்தூர் வீட்டு மருமகள்