வேகத்தில் பிந்திய காவல் கப்பல்

ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரின் அட்லாண்டிக் கடற்போர் பற்றிய கட்டுரையில், ‘ஃபிளவர்’ வகைக் கார்வெட்டுகளை (சிறு காவல் போர்க்கப்பல்களை) அதிவேகக் கப்பல்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவற்றின் உச்சவேகமே மணிக்கு 16 கடல் மைல்தான். ஜெர்மனியின் ஏழாம் வகை நீர்மூழ்கி, நீர்மட்டத்தில் 17-க்கு மேல் ஓடும்! கார்வெட்டுக்கோ திமிங்கில வேட்டைக் கப்பலைத் தழுவிய வடிவம், பழைய பாணி நீராவி எஞ்சின். அதனால் சிறு கட்டுந்தளங்களிலும் கட்ட முடிந்தது.

பெரிய சிக்கல் தாக்குதலில் இருந்தது. கப்பல் நெருங்கியதும் அஸ்டிக் ஒலியுணர் கருவி இலக்கைத் தவறவிடும். ஆழ்நீர்க் குண்டுகளோ பின்புறத்திலிருந்து விழும். அந்த இடைவெளியில் நீர்மூழ்கி திரும்பித் தப்பிவிடும். 24 குண்டுகளை முன்னோக்கி வீசும் ‘ஹெட்ஜ்ஹாக்’ பின்னர் இதை ஈடுகட்டியது.

கார்வெட்டின் குட்டையான முன்தளமும் (முன்பகுதியின் உயர்ந்த மேல்தளம்) பிறகுதான் நீட்டப்பட்டது. அதுவரை, பின்புறச் சமையலறையிலிருந்து திறந்த தளம் கடந்து வரும் சாப்பாட்டில் கடல்நீரும் சேர்ந்தே வரும்.

– வாசகர்